வியாழக்கிழமை மாத்திரைகள்

என் மனைவிக்கு முதுகுவலி ஆரம்பித்தபோது நாங்கள் இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்பாய் ரோட்டை ஒட்டிய ஆகுர்டியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் முதுகு வலிக்காத பெண் யார்? கீழே பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள் எல்லோரும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் பேசுவார்கள். இவள் பால்வாடி டீச்சர் வேறு. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்து, அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள். தைலம் தேய்த்துவிட்டேன். கம்பெனி டிஸ்பென்சரியில் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான் என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஆனால் ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் தெரியும். அதற்குச் சில வருடங்களுக்கு முன் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். சுத்தமாகிவிட்டது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தக் கட்டியையும் இந்த வலியையும் சேர்த்து நாங்கள் ஒருமுறைகூடப் பேசவில்லை. எனக்குப் பயம். அவளுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் குடியாத்தத்துக்காரன். ஐடிஐ முடித்துவிட்டு வண்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்து ஆகுர்டியிலேயே தங்கிவிட்டவன். அவள் கட்கியில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளிக்கூடம், கடை, பாட்டு, சண்டை எல்லாம் மராத்தி. கல்யாணமான புதிதில் எனக்கு மராத்தி சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பால்வாடிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒருநாள் காலை ஒரு குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டாள். ஷிஃப்டில் இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு ஸ்கேன், ரேடியேஷன் என்று நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய் இறங்கியிருந்தது. ரேடியேஷன் கொடுத்த பிறகு கொஞ்ச காலம் வலி குறைந்தது. பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

"இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை. வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் பெரிய டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. அடுத்தவரின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"வலிக்கு?" என்று கேட்டேன்.

"வலி இருக்கத்தான் செய்யும். மாத்திரை எழுதியிருக்கிறேன்."

அந்த மாத்திரை தலைவலிக்குக்கூடப் போதாது. அதற்குப் பின் வந்த வாரங்களைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. அவளால் மல்லாந்து படுக்க முடியாது. வலப்பக்கம் ஒருக்களித்து, கால்களுக்கு நடுவில் தலையணையை வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். மேல் மாடியில் யாராவது உரலை இழுத்தால், வெளியே லாரி போனால், தரையின் அதிர்வு எலும்பில் ஏறும். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு வஹினி வந்து உட்கார்ந்துகொள்வாள். வஹினி என்றால் அண்ணி. அவள் பெயரை நாங்கள் யாரும் சொன்னதே இல்லை. ஒருநாள் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வஹினி தன் முன்கையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். புரட்டிப் படுக்க வைத்தபோது இவள் கடித்துவிட்டாள்.

"அவ வேணும்னு செய்யலை. அவகிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று வஹினி மராத்தியில் எனக்குச் சொன்னாள்.

இன்னொரு நாள், ஸ்டேஷன் பக்கம் லோக்கல் ரயில் சத்தம் கேட்டபோது, என் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "என்னத் தூக்கிக்கினு போயி அதுல போட்டுருங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"கம்னு இரு" என்றேன்.

என்னோடு லைனில் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர்தான் அந்தக் கிளினிக்கைப் பற்றிச் சொன்னார். அவருடைய அண்ணனுக்கு வாயில் புற்று. நகரத்துக்குள் கேம்ப் என்கிற இடத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு டாக்டரம்மா உட்காருகிறார், வியாழக்கிழமை மட்டும் என்றார். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வியாழக்கிழமைதான் வார விடுமுறை. அதனால் லீவு போட வேண்டியிருக்கவில்லை.

ஆகுர்டியிலிருந்து கேம்ப்புக்கு ஆட்டோவில் பம்பாய் ரோடு வழியாகப் போக வேண்டும். சாலையில் குழி எங்கே, மேடு எங்கே என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தாபோடி பாலம் தாண்டுவதற்குள் சட்டையில் பொத்தான் இல்லை. ஆட்டோக்காரர் வண்டியை மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

ஃபிசியோதெரபி அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கதவில் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். டாக்டரம்மா மற்ற நாட்களில் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கிறவர். அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அதுவரை பார்த்த டாக்டர்கள் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு எண் கேட்டார். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி, எத்தனை சொல்வீர்கள்?

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா, மார்க்கு கேக்கறாங்களா? பசங்களுக்கே நான் மார்க்கு போடறதில்லயே."

"மார்க்கு வேண்டாம், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்ட டாக்டர்.

அவள் மராத்தியில்தான் ஆரம்பித்தாள். வலிக்கிறது என்றாள், தெறிக்கிறது என்றாள். அதற்கு மேல் மராத்தி ஓடவில்லை. தமிழுக்கு வந்துவிட்டாள். "படுத்துக்கினு இருந்தா கடுக்கும். திரும்பினா வெட்டி இழுக்கும். இடுப்புல குடைச்சல். காலு பூரா விண்ணு விண்ணுன்னு இருக்கும், அப்புறம் மொளகா அரச்சுப் பூசினாப்ல காந்தும்." கணக்கும் பாட்டும் மராத்தியில் வருகிறவளுக்கு வலி மட்டும் தமிழில் வந்தது. நான் அதை இந்தியில் சொல்லப் பார்த்தேன். கடுப்பும் குடைச்சலும் காந்தலும் என் வாயில் எல்லாமே 'தர்த்' என்ற ஒரே வலியாகிப்போயின. கடைசியில் கையால் காட்டினேன். குடைச்சலுக்கு டிரில் மிஷின் இறங்குகிற மாதிரி. டாக்டர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதற்கு மருந்து இருக்கிறது" என்றார். "மார்பின். மாத்திரையாகவே கொடுக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயரைச் செய்தித்தாளில் போலீஸ் செய்திகளில் படித்திருந்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. "போதை மருந்தா? பால்வாடி டீச்சர் நானு" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. வலி உள்ளவர்களுக்கு அது மருந்துதான், நாங்கள் அளவு பார்த்துத் தருவோம், பயப்பட வேண்டாம் என்றார். பிறகு விதிகளைச் சொன்னார். இதை வாங்கி வைக்க ஆஸ்பத்திரிக்குத் தனியாக லைசென்ஸ் வேண்டும். இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரி வேண்டும். இரண்டு வாரத்துக்குத்தான் தர முடியும். காலி அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளி நேரில் வர வேண்டும்.

"நேர்லயா? இந்த ரோட்லயா?" என்றேன்.

"எனக்குத் தெரியும். சட்டம் போதைக்காரர்களை நினைத்துப் போட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நீங்கள்" என்றார் அவர்.

அன்று மாலை முதல் மாத்திரை கொடுத்தேன். மறுநாள் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தூங்கித் தூங்கி விழுந்தாள். அதற்கும் அடுத்த நாள் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. வெந்தயக் கீரை போட்ட ரொட்டியைத் தானே பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வஹினி வாசல்படியில் நின்று என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள், சத்தம் போடாதே என்பதுபோல.

"இன்னா அப்டி பாக்கறீங்க? கைய கழுவிக்கினு வாங்க, ஆறிடும்" என்றாள் என் மனைவி.

வலி முழுக்கப் போய்விடவில்லை. தூரத்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கிறது என்றாள். அது போதும் என்றாள்.

கட்கியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். வராந்தாவில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "மாப்ள, இத்த குடுத்துட்டா கத முடிஞ்சிபோச்சுன்னு அர்த்தம். தெரியுமா உனக்கு? எங்க ஃபேக்டரில ஒருத்தருக்குக் குடுத்தாங்கோ, ஒரு வாரம் தாங்கல. மரியாதையா நிறுத்திடு."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அண்ணா, இங்க வா. என்னப் பாத்துச் சொல்லு. நேத்து உக்காந்து சாப்ட்டேன். இத்தினி மாசமா இத்த குடுக்காதவங்கள போயி கேளு, கேக்கணும்னா."

அவர் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. பப்பாளிப் பழம் வாங்கிக்கொண்டு அடிக்கடி வர ஆரம்பித்தார். அந்த மருந்து வயிற்றைக் கட்டிவிடும், பழம் நிறையக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பப்பாளியைப் பார்த்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "வலி போயி இந்த வயித்துக்கட்டு வந்துச்சு. ஒன்னு உட்டா ஒன்னு" என்று வஹினியிடம் மராத்தியில் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தது வெகு நாளுக்குப் பிறகு.

ஜனவரியில் பால்வாடியின் ஆண்டு விழா வந்தது. கேதரிங் என்பார்கள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டிவிடுவது அவள் வேலை. இந்த வருடமும் போக வேண்டும் என்றாள். ஆட்டோவில் கூட்டிப்போனேன். மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் முன் நின்றன. கிளிக்கு இறக்கை குத்தினாள், கேரட்டுக்குத் தொப்பி கட்டினாள், மூக்கு ஒழுகிய முயலைத் துடைத்துவிட்டாள். உதட்டில் பின்களை வைத்துக்கொண்டே எல்லோரையும் அதட்டினாள். அந்த ஒரு சாயங்காலம் நோய் என்று ஒன்று வீட்டில் இருப்பதையே நான் மறந்திருந்தேன். அவள் மறந்தாளா என்று கேட்கவில்லை.

மாசி பிறந்த சமயத்தில் ஒரு வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் அறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச்சொல்லாமல் அங்கேயே சொன்னார். ஆஸ்பத்திரியின் லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. புதுப்பிக்கக் கொடுத்தாகிவிட்டது. நாளையிலிருந்து, அது வரும்வரை ஒரு மாத்திரைகூட வாங்கவோ கொடுக்கவோ முடியாது. அலமாரியில் இருந்த கடைசி மாத்திரைகளை எல்லோருக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பங்கு ஒரு சின்னக் கவரில் இருந்தது.

"இதை எப்படிக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பது என்று எழுதியிருக்கிறேன். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவிக்கும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

குறைத்துக் குறைத்துக் கொடுத்தேன். வலி அதே படிகளில் ஏறி வந்தது.

பிம்ப்ரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். டாக்டரின் சீட்டைக் காட்டியதும் சிலர் உடனே திருப்பித் தந்தார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார். மனைவிக்கு என்றேன். "அந்த மாதிரி சரக்கெல்லாம் நான் வைப்பதில்லை. வைத்தால் போலீஸ் லஃபடா, வம்பு. கிளம்புங்கள்" என்றார். பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

லைசென்ஸ் கொடுக்கிற கலால் அலுவலகத்துக்கு நானே போனேன். என் மாதிரி ஆள் போய் ஆகிற காரியமில்லை என்று தெரியும். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பர்மிட் ரூம் என்கிற பார்களின் முதலாளிகள், ஒயின் ஷாப்காரர்கள். சாராயக் கடைக்கும் என் மனைவியின் மாத்திரைக்கும் ஒரே கதவு. நானும் அந்த வரிசையில் உட்கார்ந்தேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், கேட்டார். "ஆஸ்பத்திரிக் காகிதம் இங்கே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் போய் அலமாரியைப் பார்க்க வேண்டும். இரட்டைப் பூட்டு இருக்கிறதா என்று எழுத வேண்டும். பிறகு இன்னொரு ஆபீஸ் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் வேறு டியூட்டியில் போயிருக்கிறார்."

"அந்தப் பூட்டை நான் பார்த்திருக்கிறேன் சாஹேப். ரெண்டு பூட்டு இருக்கிறது."

"நீங்கள் பார்த்தால் ஆகாதே" என்றார். பிறகு, "அபின், கஞ்சா, இது, எல்லாம் ஒரே சட்டம். நான் கையெழுத்துப் போட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் என் வேலை போய்விடும்" என்றார்.

"ஒருமுறை என் வீட்டுக்கு வந்து பாருங்கள்" என்றேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தபோது, பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பர்மிட் ரூம்காரர் பின்னாலேயே வந்தார். தொப்பையும் நெற்றியில் குங்குமமுமாக இருந்தவர். நான் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. தன் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். "வேற என்ன செய்யறதுன்னு தெரியலை. வெந்நீரில் கொஞ்சம் கலந்து கொடுங்க. தூங்கவாவது செய்வாங்க" என்றார் இந்தியில். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் டம்ளரில் கலந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். வாசனை பிடித்ததும் கண்ணைத் திறந்தாள். "இன்னாது இது?"

"பிராந்தி. வலிக்கு."

"எங்கப்பா இத்த குடிச்சிட்டு வந்தார்னா எங்கம்மா அவரை வாசல்லயே நிக்க வெப்பாங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். முகம் கோணியது. கொஞ்ச நேரம் தூங்கினாள். பிறகு எழுந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். வாந்தி எடுக்கும்போது முதுகு குலுங்கியது. அந்தக் குலுங்கலில் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். பாட்டிலைக் கழிப்பறையில் கவிழ்த்தேன்.

பக்கத்து நர்சிங் ஹோமில் ஊசி போட்டுப் பார்த்தோம். மணிக்கணக்கில் அடங்கும், திரும்ப வரும். அடுத்த ஊசி கேட்டால் பழக்கமாகிவிடும் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். வஹினி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "பழக்கமாகட்டும். அதற்கு அவளுக்கு நாள் இருக்கிறதா, சொல்லு" என்றாள். அவர் ஊசி போட்டார். மறுநாள் எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

லைசென்ஸ் வந்தது. ஃபிட்டரின் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் அதற்குள் அவளை ஆட்டோவில் ஏற்றுகிற நிலை போய்விட்டிருந்தது. வியாழக்கிழமை நான் மட்டும் போனேன். மருந்து கொடுக்கும் இடத்தில் புதிதாக ஒருவர் இருந்தார். நோயாளி எங்கே என்றார். வர முடியாது என்றேன். "டாக்டர் இன்று நோயாளியைப் பார்த்து எழுதினால்தான் தருவேன். இப்போதுதான் லைசென்ஸ் வந்திருக்கிறது. முதல் நாளே தப்பு செய்யச் சொல்லாதீர்கள்" என்றார். அவருக்கும் பயம்தான்.

டாக்டர் உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, நான் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு, தன் ஸ்கூட்டியில் தலைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கேம்ப்பிலிருந்து ஆகுர்டி வரை வந்தார். அவர் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு நான் பஸ்ஸில் வந்து சேர்வதற்கு முன்பே எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். மாத்திரையை அவரே பொடித்து ஸ்பூனில் கரைத்துக் கொடுத்திருந்தார். மருந்தை அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தார்.

என் மனைவி அவரிடம் மெல்லிய குரலில் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தாள். "வஹினியக் கடிச்சிட்டேன் டாக்டர். அசிங்கமாத் திட்டினேன். எனக்கு அந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் தெரியும்னே எனக்குத் தெரியாது."

"அது நீங்கள் இல்லை, தாயி" என்றார் டாக்டர்.

"யாரோ ஒருத்தி பேசினா. வாய் என்னுதுதான்" என்றாள் அவள்.

டாக்டர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வஹினி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இருட்டுவதற்கு முன் கிளம்பினார்.

அதன் பிறகு அவள் அமைதியாக இருந்தாள். அதிகம் பேசவில்லை. அண்ணனும் நானும் மாறி மாறி ஸ்பூனில் மருந்து கொடுத்தோம். புரட்டிப் படுக்க வைத்தால் முகம் சுளிக்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். பங்குனி வெயில் ஏறிய ஒரு பிற்பகலில், வஹினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. நிற்பதற்கு முன் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வஹினிதான் முதலில் எழுந்து வந்தாள்.

காரியங்கள் முடிந்த பிறகு வந்த வியாழக்கிழமை, மீதமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்தாக வேண்டும் என்பது விதி. டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்ச் நிறைந்திருந்தது. கோந்த்வாவிலிருந்து வந்த ஒருவர் கதவருகே நின்று டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. வெளியே ஆட்டோவில் படுத்திருக்கிறார். இந்தத் தடவை வந்த சரக்கு பழைய நோயாளிகளுக்கே சரியாக இருக்கிறது, புதியவர்களுக்கு அடுத்த சரக்கு வந்ததும்தான் தர முடியும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதைக்கு வேறு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார்.

நான் அட்டைகளை நீட்டினேன். அந்த மனிதர் அதைப் பார்த்தார்.

"இவருக்கு இதைக் கொடுத்துவிடுங்களேன்" என்றேன்.

டாக்டர் மருந்து கொடுப்பவரைப் பார்த்தார். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. திரும்பி வந்ததை அழிக்க வேண்டும். ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு, கரண்டியால் நசுக்கி, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கை கழுவும் தொட்டியில் கொட்டினார்கள். குழாயைத் திறந்துவிட்டார் டாக்டர். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். கோந்த்வாக்காரர் கடைசிவரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம், "பாய், என்னை மன்னித்துவிடுங்கள்" என்றார்.

நானும் அவரும் சேர்ந்துதான் வெளியே வந்தோம். தூங்குமூஞ்சி மரத்து நிழலில் ஆட்டோ நின்றிருந்தது. பின்சீட்டில் மெலிந்த ஒரு அம்மா, முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு கால்களை மடித்துப் படுத்திருந்தார். அந்தக் கவ்வல் எனக்குத் தெரிந்த கவ்வல்.

"அந்த மருந்து உண்மையிலேயே கேட்குமா?" என்று மகன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கேட்கும். வாங்காமல் விடாதீர்கள். அடுத்த வியாழக்கிழமை கதவு திறக்கும் முன்னாலேயே வந்து நில்லுங்கள். வயிறு கட்டும், அதற்குப் பழம் கொடுங்கள். போதை மருந்து என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்றேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்த அம்மா முக்காட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க வீட்டில் யாருக்கு, மகனே?"

"மனைவிக்கு."

"இப்ப எப்படி இருக்கா?"

மகன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தவர்தானே.

"இப்போ வலி இல்லை அம்மா" என்றேன்.

"நல்லது" என்றார் அந்த அம்மா. ஆட்டோ கிளம்பியது. அது கோந்த்வா பக்கம் திரும்பும்வரை நின்றேன். அவருக்கு மருந்து கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வியாழக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. வீட்டிலேயே இருந்தேன். வஹினி வந்து, என் மனைவி படுத்திருந்த மெத்தையை வெயிலில் போட வேண்டும், ஒரு பக்கம் பிடியுங்கள் என்றாள்.